ஏற்காட்டு நாய்கள் அறியாத ஆள்

ஏற்காட்டு நாய்களில் ஒன்றுகூட என்னை முன்பின் பார்த்திருக்கக் கூடாது. அந்த ஒரு தகுதிக்காகத்தான் என் மகள் மங்கை என்னை வரச் சொன்னாள். எட்டாம் வகுப்போடு நின்றுபோன எனக்கு ஓர் ஆராய்ச்சியில் வேலை கிடைத்த கதை இது.

மங்கை விலங்குகளின் பழக்கவழக்கங்களைப் பற்றிப் படிப்பவள். தெருநாய்கள் மனிதர்களை எப்படிப் புரிந்துகொள்கின்றன, யாரை நம்புகின்றன, யாரைக் கண்டால் விலகுகின்றன என்று ஊர் ஊராகப் போய்ப் பார்த்து எழுதுகிறாள். இந்த வருடம் அவளுக்கு வாய்த்தது சேர்வராயன் மலை. அங்கே அவளோடு இருந்த உதவியாளர் தன் அக்கா கல்யாணத்துக்கு ஊருக்குப் போனவர் திரும்பவில்லை. மங்கையையோ ஏற்காட்டு நாய்களுக்கெல்லாம் நன்றாகத் தெரியும். "அப்பா, நாய்க்குத் தெரியாத ஆள் ஒருத்தர் வேணும். ஒரு வாரம் வர்றீங்களா?" என்று போனில் கேட்டாள்.

உடனே சரி என்றேன். எனக்கும் அவளிடம் கேட்க ஒன்று இருந்தது. என் மனைவி சிவகாமி போய் ஒரு வருடம் ஆகிவிட்டது. கும்பகோணத்தில் கோயில் வாசலில் எனக்குப் பூஜை சாமான் கடை. பகலெல்லாம் கற்பூரம், விபூதி என்று யாராவது வந்துகொண்டே இருப்பார்கள். கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போய்ப் பூட்டைத் திறந்தால், காலையில் நான் வைத்த டம்ளர் வைத்த இடத்திலேயே இருக்கும். அதைப் பார்க்கப் பயமாக இருந்தது. 'உன்கூடவே வந்து இருந்துடவாம்மா' என்று மகளிடம் கேட்க வேண்டும். போனில் கேட்கிற விஷயமில்லை. முகத்தைப் பார்த்துத்தான் கேட்க வேண்டும். அம்பாளை வேண்டிக்கொண்டு பையைத் தூக்கினேன்.

சேலம் பஸ் நிலையத்தில் தட்டுவடை செட் சாப்பிட்டேன். இரண்டு தட்டுவடைக்கு நடுவே துருவிய பீட்ரூட், காரட், காரச் சட்னி. எங்கள் ஊரில் தட்டையைத் தட்டையாகத்தான் தின்போம், அதற்குள் எதையும் வைக்கத் தோன்றியதில்லை. நன்றாகத்தான் இருந்தது. 'நல்லா இருக்குல்ல' என்று பக்கத்தில் திரும்பினேன். பக்கத்தில் என் பைதான் இருந்தது.

அடிவாரம் வரை பஸ் சமதளத்தில் ஓடியது. அதற்கப்புறம் மலை. வளைவுக்கு வளைவு நான் ஒருபக்கம் சாய, முன்சீட்டுக் கம்பி என் நெற்றியைத் தேடி வந்தது.

"ஏனுங்க அய்யா, முதல் தடவைங்களா?" என்றார் கண்டக்டர்.

"ஆமாம்."

"வெளிய பாக்காதீங்க, உள்ளயும் பாக்காதீங்க. கண்ண மூடிக்கிட்டு உங்க சாமிய நெனச்சுக்கோங்க. டிரைவரும் அதத்தான் பண்றாரு."

பஸ் முழுக்கச் சிரித்தது. அடுத்த வளைவில் மேலிருந்து ஒரு சுற்றுலா வேன் நட்டநடுவே வந்து நின்றுவிட, எங்கள் பஸ் பின்னால் உருள வேண்டியதாயிற்று. அப்போது யாரும் சிரிக்கவில்லை. முன்னால் இருந்த அம்மா சிலுவைக்குறி போட்டுக்கொண்டார். நான் "சிவ சிவ" என்றேன். வேன் எப்படியோ ஒதுங்கியது. யார் வேண்டுதல் பலித்ததோ, இருவருமே ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டோம்.

மங்கை தங்கியிருந்தது ஒரு மாதா கோயிலுக்குப் பின்னால், ஸ்டெல்லா என்ற அம்மாவின் வீட்டுப் பின்கட்டு அறையில். ஸ்டெல்லாவின் வீட்டுக்காரர் காப்பி எஸ்டேட்டில் ரைட்டர். காலையில் கணக்கெழுதப் போனால் சாயங்காலம்தான் வருவார். கேட்டைத் திறந்தபோது ஒரு செவலை நாய் வாலை ஆட்டிக்கொண்டு வந்தது. "என்னடா பைரவா, சௌக்கியமா?" என்று குனிந்தேன்.

"அப்பா! பேசாதீங்க!"

ஆறு மாதத்துக்கு அப்புறம் என் மகள் என்னிடம் நேரில் சொன்ன முதல் வார்த்தை அது. நாய் ஓடிவிட்டது. அப்புறம்தான் வந்து பையை வாங்கிக்கொண்டாள். "எந்த நாய்கிட்டயும் பேசக் கூடாதுப்பா. சோறு போடக் கூடாது, தடவக் கூடாது. தெரிஞ்சுடுச்சுன்னா அது அப்புறம் சோதனைக்கு ஆகாது." இளைத்திருந்தாள். சிவகாமியின் கழுத்து இவளுக்கு.

"வாங்க வாங்க, மங்கைக் கண்ணோட அப்பாங்களா?" என்று ஸ்டெல்லா உள்ளேயிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "நம்மூட்டுல உங்களுக்குச் சைவச் சட்டி தனியா எடுத்து வெச்சுருக்கறனுங்க. உங்க புள்ளதான் தெனம் என் அடுப்புல நாய்ங்களுக்குக் கோழி வேக வெக்கிது. நாங்க மனுசங்க ஞாயித்துக்கெழமதான் திங்கறோம்."

மறுநாள் காலை எனக்குப் பயிற்சி. வேலை இவ்வளவுதான். ஒரே மாதிரி இரண்டு கிண்ணம். ஒன்றில் வேகவைத்த கோழித் துண்டு. மற்றதில் கோழியைத் தேய்த்து மட்டும் வைத்திருப்பாள், வாசனை ஒன்றாக இருக்க. இரண்டையும் அட்டையால் மூடி, நாய்க்கு முன்னால் இந்தப்பக்கம் ஒன்றும் அந்தப்பக்கம் ஒன்றுமாக நான் வைக்க வேண்டும். நடுவில் நின்று ஒரு கிண்ணத்தை விரலால் காட்ட வேண்டும். நாய் என் விரலை நம்பிப் போகிறதா, தன் போக்கில் போகிறதா என்று அவள் தள்ளி நின்று வீடியோ எடுப்பாள்.

கிண்ணத்தை வைக்க நான் குனிந்ததும் முதல் நாய் தலைதெறிக்க ஓடியது. "அப்பா, சட்டுன்னு குனிஞ்சா கல்லெடுக்கிறீங்கன்னு அதுக்கு அர்த்தம். மெதுவா உட்காருங்க." அடுத்தது விரல். நான் கை முழுவதையும் விரித்து, வந்தவரை இலைக்கு அழைப்பது போலக் காட்டினேன். "ஒத்த விரல்பா." கோயில் வாசலில் வளர்ந்தவன் நான். சுவாமியையும் ஆளையும் ஒற்றை விரலால் காட்டினால் அந்தக் காலத்தில் கையிலேயே அடி விழும். சுட்டுவிரலை நீட்டப் பழகவே அன்று முற்பகல் போயிற்று.

கோழியைத் தொடுவதும் எனக்குப் பழக்கமில்லை. கையுறை கொடுத்தாள். அந்த ஜீவனுக்கு அதுதான் சோறு, நமக்கென்ன என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். தேற்ற முடியாதது வேறொன்று. பாதி நேரம் வெறும் கிண்ணத்தைக் காட்ட வேண்டுமாம்.

"பசிச்ச வாயை வெறுங்கிண்ணத்துக்கு அனுப்பறதாம்மா? பொய்யில்லையா அது?"

"ஏமாத்தினவங்களை அது அடுத்த தடவை நம்புதான்னு பாக்கணும்பா. கடைசியில எல்லா நாய்க்கும் ஒரு துண்டு கிடைச்சுடும், நான் பாத்துக்கறேன்."

அன்றும் மறுநாளும் ஏரிக்கரை, கடைவீதி, பள்ளிக்கூட மதில் ஓரம் என்று நாய் நாயாகப் போனோம். நடந்தது எங்களுக்கே ஆச்சரியம். நான் சரியாகக் காட்டினாலும் தப்பாகக் காட்டினாலும் நாய்கள் பெரும்பாலும் கோழி இருந்த கிண்ணத்துக்கே போயின. "எப்படிப்பா? எப்படி இதுக்குத் தெரியுது?" என்று மங்கை குதித்தாள். சாயங்காலம் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் மிளகாய் பஜ்ஜி வாங்கித் தந்தாள். காரத்தில் எனக்குக் கண்ணில் நீர் வர, அவள் சிரித்தாள். சின்ன வயதில் சிரித்த அதே சிரிப்பு. இப்போது கேட்டுவிடலாம் என்று வாயைத் துடைத்தேன். அவள் போன் அடித்தது. பேசிக்கொண்டே முன்னால் நடந்துவிட்டாள்.

அதற்கு அடுத்த காலை அவள் வீடியோக்களைப் பார்க்க உட்கார்ந்துவிட்டாள். நான் தனியே ஏரிப்பக்கம் போனேன். அந்த ஊருக்கு வருகிறவர்கள் எல்லாம் ஜோடியாகவோ கூட்டமாகவோதான் வருகிறார்கள். படகு வாடகைக்கு விடும் இடத்தில், "எத்தன பேருங்க?" என்றார்கள். ஒருவன்தான் என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. சும்மா பார்க்க வந்தேன் என்று சொல்லி நகர்ந்தேன். பஜ்ஜிக் கடைப் பெஞ்சில் உட்கார்ந்தேன். எதிரில் இளம் புருஷன் பெண்டாட்டி இருவர் கன்னடத்தில் கடுகடு என்று பேசிக்கொண்டிருந்தார்கள். கடைக்காரர் மாவில் மிளகாயைத் தோய்த்தபடி எனக்கு ரகசியமாக மொழிபெயர்த்தார்.

"அந்தப் புள்ள சொல்லுதுங்க, 'உங்கம்மாவுக்கு போன் பண்ணாம ஒருநா இருக்க மாட்டியா'ன்னு. பையன் சொல்றான், 'அவங்க தனியா இருக்காங்கடி'ன்னு."

"அதுக்கு அந்தப் பெண் என்ன சொல்லுது?"

"'அப்பறம் என்னைய எதுக்குக் கூட்டியாந்த'ங்குது." எண்ணெயில் மிளகாயைப் போட்டார். "ரெண்டு பேரு சொல்றதும் நாயம்தானுங்க. நான் பஜ்ஜி போடறன்."

காலடியில் ஒரு கறுப்பு நாய் வந்து உட்கார்ந்து என்னை அண்ணாந்து பார்த்தது. எங்கள் கடை வாசலில் இப்படி ஒன்று படுத்திருக்கும். வியாபாரம் இல்லாத நேரத்தில் விலைவாசி முதல் முழங்கால் வலி வரை அதனிடம்தான் சொல்வேன். இதனிடம் பேசக் கூடாது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பாவம், அது வெகுநேரம் காத்திருந்தது.

திரும்பி வந்தபோது மங்கை திரையைப் பார்த்தபடி அசையாமல் இருந்தாள்.

"அப்பா, இங்க வாங்க. உங்க உதட்டைப் பாருங்க."

பார்த்தேன். கோழி உள்ள கிண்ணத்தைக் கீழே வைக்கிறேன். என் உதடு அசைகிறது. வெறும் கிண்ணத்தை வைக்கிறேன். உதடு மூடியே இருக்கிறது. அடுத்த நாய், அதே. அதற்கடுத்தது, அதே.

"என்ன சொல்றீங்க?"

"சிவாய நம."

எனக்கே தெரியாது. சத்தியமாகத் தெரியாது. எங்கள் வீட்டில் ஓர் உயிருக்கு முன்னால் சோற்றை வைக்கும்போது அந்தப் பெயரைச் சொல்லாமல் வைத்ததில்லை. காக்கைக்கு வைத்தாலும் அப்படித்தான், இலை போட்டாலும் அப்படித்தான். சோறு இருந்த கிண்ணத்துக்குத் தானாக வந்திருக்கிறது. வெறும் கிண்ணத்துக்கு எப்படி வரும்? அதில்தான் ஒன்றுமில்லையே. நாய்கள் என் விரலை விட்டுவிட்டு என் வாயைப் படித்துக்கொண்டு போயிருக்கின்றன.

"அப்ப இதெல்லாம்..."

"செல்லாதுப்பா."

டவுன் நாய்களை மறுபடி சோதிக்க முடியாது, அவற்றுக்கு விளையாட்டுத் தெரிந்துவிட்டது. மாத முடிவுக்குள் இந்த மலையின் வேலையை அவள் முடித்து அனுப்பியாக வேண்டும். அதற்கப்புறம் வேறு ஊர், வேறு வேலை. அனுப்பாவிட்டால் ஒரு வருட உழைப்பில் பெரிய ஓட்டை. இதையெல்லாம் நான் கேட்டுக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். அவள் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. மெதுவாகக் கம்ப்யூட்டரை மூடினாள், சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள். திட்டியிருக்கலாம்.

மறுநாள் அவள் எழுவதற்குள் ஆட்டோ பிடித்துச் சேர்வராயன் கோயிலுக்குப் போனேன். மலையின் உச்சியில் பொட்டல் வெளி. அதில் ஒரு குகை. தலையைக் குனிந்துகொண்டுதான் உள்ளே போக வேண்டும். சேர்வராயனோடு அங்கே காவேரி அம்மனும் இருக்கிறாள் என்றார்கள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் வீட்டிலிருந்து நடந்தால் வந்துவிடும் படித்துறைக் காவேரி, தண்ணீரே தெரியாத இந்த உச்சியில், இருட்டுக் கல்லுக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறாள். "தாயே, நீயும் இவ்வளவு தூரம் வந்துட்டியா" என்று வாய்விட்டுச் சொன்னேன். வேறெதுவும் வேண்டிக்கொள்ளத் தோன்றவில்லை. பிள்ளையின் வேலை கெடக் கூடாது என்று மட்டும் சொன்னேன். என் கேள்வி நினைவுக்கே வரவில்லை, வெளியே வந்த பிறகுதான் வந்தது.

ஆட்டோக்காரர் வேறு சவாரி கிடைத்துப் போய்விட்டிருந்தார். நடக்க ஆரம்பித்தேன். கொஞ்ச தூரத்தில் பனி இறங்கியது. ரோட்டின் இருபுறமும் சில்வர் ஓக் மரங்கள், அவற்றின் கீழே காப்பிச் செடிகள், எல்லாம் ஒவ்வொன்றாக மறைந்தன. என் செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் இன்னொரு சத்தம். திரும்பினால் ஒரு வெள்ளை நாய், நாலடி தள்ளி, என் வேகத்துக்கே வந்துகொண்டிருந்தது.

இதை மங்கை சோதித்திருக்க மாட்டாள். பேசிவிட்டால் இன்னொரு நாயும் வீண். பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன். நான் நின்றால் அது நின்றது. நடந்தால் நடந்தது. சிவகாமி போன பிறகு என் நடைக்கு இணையாக நடந்து வந்த உயிர் அதுதான். 'வழித்துணையா வந்தியாப்பா' என்று ஒரு வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை. ஒரு மதகுக் கட்டை வந்ததும் அது நின்றுவிட்டது. நாய்க்கூட்டங்களுக்கு எல்லை உண்டு, அதைத் தாண்டினால் அடுத்த கூட்டம் விடாது என்று மங்கை சொல்லியிருந்தாள். அதன் எல்லை அதுவரைதான் போலிருக்கிறது. கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தேன். பனிதான் இருந்தது.

வீட்டுக்கு வந்தால் ஸ்டெல்லா அடுப்படியில் நின்று மங்கையை விரட்டிக்கொண்டிருந்தார்.

"டவுன் நாய் போனா போவுது கண்ணு! வெள்ளக்கடையில நாய் இல்லியா, கரடியூர்ல நாய் இல்லியா? இந்த அப்பாரு மொகத்த அதுங்க எங்க பாத்துச்சு? எந்திரி, மொகத்தக் கழுவு."

"கிண்ணத்துல கோழி வைக்க ஆள் வேணும்கா. எதுல இருக்குன்னு அப்பாவுக்கே தெரியக் கூடாது."

"நான் வெக்கறன். செவுத்துக்குப் பின்னால நின்னு வெச்சு மூடித் தரன். அவரு எடுத்துக்கிட்டுப் போவட்டும். இதுக்கு எதுக்கு டாக்டருப் படிப்பு?"

மங்கைக்கு அப்போதுதான் சிரிப்பு வந்தது. என்னிடம் திரும்பி, "அப்பா, சிவாய நம சொல்லாம உங்களால வைக்க முடியுமா?" என்றாள்.

யோசித்துப் பார்த்து, "முடியாதும்மா" என்றேன்.

"சரி. அப்ப ரெண்டு கிண்ணத்துக்கும் ஒரே மாதிரி சொல்லுங்க."

வெள்ளக்கடைக்கு இரண்டு ஸ்கூட்டரில் போனோம். மங்கை கேமராவோடு முன்னால். நான் ஸ்டெல்லாவின் பின்சீட்டில், மடியில் கோழிச் சட்டியோடு. விபூதிப் பட்டையோடு கோழிச் சட்டியைக் கட்டிக்கொண்டு போகும் கோலத்தை எங்கள் ஊர்க் குருக்கள் பார்க்கவில்லை, ஈசன் காப்பாற்றினான். ஒரு ஏற்றத்தில் வண்டி முனகி நின்றுவிட்டது. "எறங்கிக்கோங்க அய்யா, வண்டி உங்களையும் கோழியையும் சேத்து இழுக்க மாட்டேங்குது" என்றார். சட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்து ஏறினேன். எஸ்டேட் வேலைக்குப் போகும் பெண்கள் எதிரே வந்தார்கள்.

"ஏனுங்க, எங்க விருந்து?"

"நாய்ங்களுக்கு!" என்று பின்னாலிருந்து ஸ்டெல்லா கத்தினார்.

"அட, எங்களுக்குச் சொல்லவே இல்ல?" என்று அவர்கள் சிரித்துக்கொண்டே போனார்கள்.

அங்கே முதல் கிண்ணத்தைக் கையில் வாங்கியபோது எனக்குள் ஒரு தடுமாற்றம். இரண்டும் மூடியிருந்தன. எதில் சோறு என்று எனக்குத் தெரியாது. இடதுபக்கம் வைத்தேன், "சிவாய நம". வலதுபக்கம் வைத்தேன். இது வெறும் கிண்ணமாக இருந்தால்? வாய் ஒரு கணம் தயங்கியது. அப்புறம் சொன்னேன். நிறைந்ததில் மட்டும் இருக்கிறவனா அவன் என்று தோன்றியது. சொன்ன பிறகு மனம் லேசாக இருந்தது. அதற்குமேல் இதை விளக்க எனக்குப் படிப்பு போதாது.

இப்போது நாய்கள் வேறுமாதிரி நடந்துகொண்டன. குட்டிகள் யோசிக்கவே இல்லை, விரல் எங்கே நீண்டதோ அங்கே உருண்டு ஓடின. பெரியவை பார்த்துப் பார்த்துத்தான் போயின. ஒரு கிழட்டுப் பெண் நாய், காது கிழிந்தது, முதல் தடவை என் விரலை நம்பிப் போயிற்று. வெறும் கிண்ணம். மறுமுறை நான் காட்டியபோது என் முகத்தையே வெகுநேரம் பார்த்தது. நிதானமாகத் திரும்பி, மற்ற கிண்ணத்துக்குப் போனது. அப்போது நான் காட்டியதில்தான் கோழி இருந்தது. எனக்குச் சுருக்கென்றது.

"அப்பா! இதுதான்பா! இதுதான் எனக்கு வேணும்!" என்று மங்கை தூரத்திலிருந்து கட்டைவிரலை உயர்த்தினாள்.

ஒரு ஜீவன் என்னை நம்பாமல் போனதில் என் பிள்ளைக்கு அவ்வளவு சந்தோஷம். எனக்கும் அந்த மகிழ்ச்சி ஒட்டிக்கொள்ளத்தான் செய்தது. கடைசியில் அந்தக் கிழவிக்கு இரண்டு துண்டாகப் போடச் சொன்னேன்.

கரடியூரிலும் நல்லபடியாக முடிந்தது. வேலைக்கு வேண்டியது கிடைத்துவிட்டது என்றாள். ஸ்டெல்லா சட்டியைக் கழுவ ஒரு வீட்டுக்குப் போக, நாங்கள் இருவரும் மலைமுனையில் நின்றோம். கீழே பள்ளத்தாக்கு, பொட்டு பொட்டாக வீடுகள்.

"மனுஷங்களையும் இப்படி ஆராய்ச்சி பண்ணுவீங்களாம்மா?"

"நிறையப்பா. யார் யாரை நம்பறாங்க, கூட்டத்துல எப்படி இருக்காங்க, தனியா இருந்தா என்ன ஆகறாங்கன்னு. தனியா இருக்கிறது உடம்பையே கெடுக்கும்கறாங்க. நாய், குரங்கு, நாம, எல்லாருக்கும்."

அவள் பள்ளத்தாக்கைப் பார்த்துச் சொன்னாள். நானும் பள்ளத்தாக்கைப் பார்த்துத்தான் கேட்டேன். முகம் பார்த்துக் கேட்க வேண்டும் என்று வந்தவன்.

"உன்கூடவே வந்து இருந்துடவாம்மா?"

காற்று அவள் துப்பட்டாவை இழுத்துக்கொண்டே இருந்தது. ஸ்டெல்லா சட்டியை ஆட்டிக்கொண்டு வருவது தெரிந்தது. "நாளைக்குச் சொல்றேம்பா" என்றாள்.

மறுநாள் நான் கிளம்ப வேண்டும். ஸ்டெல்லா கட்டுச்சாதமும் ஒரு பொட்டலம் காப்பித் தூளும் தந்தார். "அய்யா, நொம்ப மாசத்துக்கு அப்பறம் இந்தப் புள்ள சிரிச்சுதுங்க. மறுக்கா வாங்க" என்றார். கேட்டருகே அந்தச் செவலை நாய் வந்து என் காலை மோந்தது. தயங்கி மங்கையைப் பார்த்தேன். "பேசுங்கப்பா. இனிமே பரவாயில்ல. வேலை முடிஞ்சுடுச்சு" என்றாள். எனக்கு எதுவும் பேச வரவில்லை. தலையைத் தடவிவிட்டு வந்தேன்.

பஸ்ஸில் என்னை ஏற்றிவிட்டுப் போய்விடுவாள் என்று நினைத்தேன். அவளும் ஏறி, பக்கத்தில் உட்கார்ந்தாள். "அடிவாரம் வரைக்கும் வர்றேன்." பாதி மலை இறங்கியது. அப்புறம் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"முடியாதுப்பா."

நான் வெளியே பார்த்தேன்.

"மழைக்கு அப்புறம் நான் எந்த ஊர்ல இருப்பேன்னு எனக்கே தெரியாது. விடிஞ்சா போறேன், இருட்டினா வர்றேன். வந்தாலும் வீடியோ. இந்த வாரத்துல நான் உங்ககூட உட்கார்ந்து எத்தனை வேளை சாப்பிட்டேன்? அங்க உங்களுக்குக் கடை இருக்கு, கோயில் இருக்கு, நாலு பேர் வந்து நிக்கறாங்க. என்கூட வந்தா உங்களுக்கு நான் ஒருத்திதான். நான் போதமாட்டேன்பா."

"நீ போதாம யாரும்மா போதும்?"

"அப்படிச் சொல்லாதீங்க. அதுதான் எனக்குப் பயம்."

வளைவு வந்தது. இருவரும் ஒரே பக்கம் சாய்ந்து நிமிர்ந்தோம்.

"கோவமாப்பா?"

"இல்ல."

"வருத்தமா?"

"ஆமாம்மா. வருத்தம்தான்."

"எனக்கும்தான்" என்றாள். அடிவாரம் வரை என் கையை விடவில்லை.

அடிவாரத்தில் அவள் இறங்கினாள். எங்கள் டிரைவர் டீ குடிக்கப் போனார். மங்கை என் ஜன்னலுக்குக் கீழே வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "வேளைக்குச் சாப்பிடுங்க" என்றாள். "நீயும்" என்றேன்.

எதிர்ப்பக்கம் ஏற்காடு போகும் பஸ் வந்து நின்றது. கண்டக்டர் விசில் ஊதினார். "ஏம்மா, மேலதான? ஏறுங்க, ஏறுங்க!"

மங்கை திரும்பிப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "நீங்க போங்கண்ணா" என்று அவருக்குக் கையை ஆட்டினாள்.

"போம்மா, உனக்கு வேலை கிடக்கு."

"அடுத்த வண்டியில போறேம்பா."

அந்த பஸ் போய்விட்டது. கொஞ்ச நேரத்தில் எங்கள் டிரைவரும் வந்து ஏறினார். வண்டி நகர்ந்தபோது அவள் கம்பியை விட்டாள். ரோட்டைக் கடந்து, மேலே போகிறவர்கள் நிற்கும் இடத்தில் போய் நின்றாள். அங்கே அப்போது வேறு யாரும் இல்லை. வெயில் ஏறியிருந்தது. வண்டி திரும்பும்வரை பார்த்தேன், அவளும் இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றாள். அதன் பிறகு தெரியவில்லை. சேலம் வரை பக்கத்துச் சீட்டில் யாரும் வந்து உட்காரவில்லை.